இரண்டாயிரத்து நூற்றிப் பதினான்கு

நடவு மாதிரிதானே என்கிறார்கள் எல்லோரும்.
நான் வயலில் இறங்கியதில்லை.
கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனிக்குப் பின்வீடு,
மூன்றாம் வகுப்பிலிருந்தே எனக்கு
எண்ணத்தான் தெரியும்: ஐஸ் பார், கூடை, கடன் பாக்கி.
இப்போது புதுச்சேரியில், காமராஜர் சாலை மாடியொன்றில்,
உப்புநீர்த் தட்டில் வேர் எண்ணுகிறேன்.

ஒற்றை முடி, இரட்டை, மூன்று.
ஒற்றையை நெற்றி விளிம்புக்கு ஒதுக்க வேண்டும்,
மூன்றை உள்ளே தள்ள வேண்டும்.
விளிம்பு நேர்கோடாக வரக் கூடாது என்பார் டாக்டர்.
கோடு போட்டால் பொய் தெரிந்துவிடும்.

அன்றைக்குக் குப்புறப் படுத்திருந்தவர்
நெல்லிக்குப்பம் தெய்வசிகாமணி, வயது நாற்பத்தொன்று.
பெயரில் மட்டும்தான் சிகை மிச்சம் என்று அவரே சொன்னார்,
மரத்துப்போக ஊசி போடும்போது.
நாங்கள் சிரித்தோம். அவருக்கு வலித்தது.

தொழில் என்ற கட்டத்தில் ஸ்டூடியோ என்றிருந்தது.
பதினெட்டு வருஷமாகக் கல்யாண ஆல்பத்தில்
மாப்பிள்ளைகளுக்கு மவுஸால் முடி வைத்தவர்.
'ஒரு தலைக்குப் பத்து நிமிஷம்மா. காசு வாங்கினதில்ல.
பக்கத்துல இருக்கிற முடியையே எடுத்து
வெறும் இடத்துல அப்புவேன்.'
இங்கேயும் அதேதான் சார் என்றேன்.
'அங்க எடுத்த இடம் குறையாது' என்றார்.

குறையும்தான்.
புதிதாக ஒரு முடியும் இங்கே பிறப்பதில்லை.
பிடரியில் இருப்பவன் பிடிவாதக்காரன்,
உச்சியை உதிர்த்த ஹார்மோனுக்குப் பணியாதவன்;
இடம் மாற்றி வைத்தாலும் குணம் மாறமாட்டான்.
ஆனால் எடுத்த குழியில் மறுபடி முளைக்கவும் மாட்டான்.
பின்னந்தலை ஒரு சேமிப்புக் கணக்கு.
போட வழி கிடையாது.

சாயங்காலம் ஆறு இருபதுக்கு முடிந்தது.
இரண்டாயிரத்து நூற்றிப் பதினான்கு.
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பஸ் அரியாங்குப்பம் பாலம் தாண்டும்வரை
கண்ணை மூடினால் கரும்புள்ளிகள்.

இருபத்திரண்டாம் நாள் போன்.
முதலில் தலையணை உறையின் போட்டோ வந்தது.
'எல்லாம் கொட்டுதும்மா. நட்டது அத்தனையும்.'
கொட்டும் சார். போவது தண்டுதான்,
வேர் உள்ளேயே இருக்கிறது.
மூன்று மாதம் ஒன்றுமே தெரியாது,
நாலில் பூனைமுடி மாதிரி எட்டிப் பார்க்கும்.
சொல்லிக்கொண்டே
குளியலறைச் சல்லடைக்குள் விரல் விட்டு
என் முடியை உருண்டையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.
பிரசவமாகி ஐந்தாம் மாதம்.
காலையில் சீப்பில் நூற்றி அறுபத்து மூன்று.
எண்ணினேன், பழக்கம்.
பாடத்தில் படித்ததுதான், திரும்பி வரும் என்று.
படித்தது போதவில்லை.
வேர் இருக்கிறது என்று எனக்குச் சொல்ல
ஒரு போன் நம்பர் இல்லை.
அவருக்கே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்,
ரெண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.

பன்னிரண்டாம் மாதம் வந்தார்.
சட்டைப்பையில் சீப்பு.
உச்சியில் ஒரு அப்பள அளவு இன்னும் வெறுமைதான்.
விட்டுவிடலாம் என்றார் டாக்டர்,
பின்னால் தேவைப்படும், கையிருப்பு இருக்கட்டும்.
அப்பளத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சுவரில் மாட்ட முன்-பின் படம் எடுக்க வேண்டும்.
மானேஜர் ரிங் லைட்டைக் கிட்டே இழுத்தார்.
தெய்வசிகாமணி எழுந்துவிட்டார்.
'போன வருஷம் எடுத்தப்ப மேல ட்யூப்லைட் மட்டும்தான்.
தலையும் குனிஞ்சிருந்துச்சு.
அதே மாதிரி எடுங்க.'
முடி கம்மியாத் தெரியுமே சார்.
'கம்மியாத்தானே இருக்கு.'

அவரே போய் சுவிட்சை அணைத்தார்.
நாற்காலியை டைல்ஸில் பழைய அயோடின் கறை வரை
காலால் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.
குனிந்தார்.
இன்னும் கொஞ்சம் குனிந்தார்.
ம், எடுங்க என்றார்.